சராசரிக்குள் ஒளிந்த சாமி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தையல் மெஷின் முன்னால் மட்டும்தான் உட்காருவேன், அங்கேயும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடையில் பல வருஷமாக வேலை. காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பல். சோறு வேகிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாள், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். இப்படிப்பட்டவளைத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதில் சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனையோடு கட்டிப்போட்டது சர்க்கரை வியாதி, எங்கள் ஊர்ப் பேச்சில் இனிப்பு நீர்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு இரண்டு விதமாக ரத்தம் எடுப்பார்கள். விரல் நுனியைக் குத்திப் பார்ப்பது அந்த நிமிஷத்துச் சீனி. அதை ஏமாற்றலாம். கிளினிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது சோற்றைக் குறைத்து, பாகற்காயை வதக்கித் தின்று, நல்ல பிள்ளையாகப் போய் விரலை நீட்டினால் போதும். இன்னொன்று கையில் ஊசி போட்டுக் குழாயில் எடுப்பது. அதற்கு இங்கிலீஷில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு பெயர் உண்டு. நாங்கள் மூன்று மாத ரத்தம் என்போம். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் ஏறக்குறைய மூன்று மாதம் உயிரோடு இருக்குமாம். அந்த நாட்களில் ரத்தத்தில் திரிந்த சீனி அவற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். தீபாவளிக்குத் தின்ற அதிரசத்தைப் பாகற்காய் போட்டு மறைக்க முடியாது.

அந்தத் தீபாவளி முடிந்து வந்த எண் எட்டு புள்ளி ஒன்பது.

டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். அந்த எண்ணைக் கணினியில் தட்டி, விரல் குத்திப் பார்க்கும் சீனிக் கணக்குக்கு மாற்றி, "சராசரி பதினொன்றரைக்கு மேல, ஆன்டி" என்று மலாயில் சொன்னார். பத்துக்குள் இருந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். என் அக்கா இதே வியாதியில் கால் விரல் இரண்டை இழந்தவள். சீனியை வேகமாக இறக்கும் வெள்ளை மாத்திரையை டாக்டர் கூட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "மாக்கான் டூலு, பாரு ஊபாட்" என்று அழுத்திச் சொன்னார். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் மருந்து. தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன காசா பணமா?

வீட்டுக்கு வரும் வழியிலேயே எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். எண் இறங்கினால் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதுவரைக்கும் விரதம் இருக்கிறேன் என்றேன். கார்த்திகையில் செவ்வாய், வெள்ளி மட்டும் இருந்தேன். தை பிறந்ததும் தினமும் ஒரு பொழுதுதான். பகலில் பால் சேர்க்காத கோப்பி. விளக்கு வைத்த பிறகு சாப்பாடு. ஆனால் காலை மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. சாமிக்கும் துரோகம் செய்யக்கூடாது, டாக்டருக்கும் துரோகம் செய்யக்கூடாது என்று இரண்டு பேரிடமும் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தேன்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்காக உறுமி மேளக்காரர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் காட்டும்போது விளக்கு இரண்டாகத் தெரிந்தது. உதடு மரத்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. கையை ஒன்றாகக் கூப்ப முடியவில்லை, அது பாட்டுக்கு ஆடியது. அதற்கு மேல் எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் துண்டு துண்டுதான். யாரோ என் நெற்றி நிறைய விபூதி பூசியது, மேளம் காதுக்குள்ளேயே அடித்தது, "யாரு வந்துருக்கீங்க?" என்று பூசாரி கேட்டது, வாயில் பஞ்சாமிர்தம் இனித்தது. கண் தெளிந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிப் பெண்கள் கைகூப்பி நின்றார்கள்.

"சாமி மலையேறிருச்சு," என்றார் பூசாரி.

எனக்குச் சாமி வந்ததாம். உறுமினேனாம், தலையை விரித்துப் போட்டு ஆடினேனாம், கேட்டவர்களுக்கு வாக்குக்கூடச் சொன்னேனாம். என் வீட்டுக்காரர் மட்டும் கூட்டத்துக்கு வெளியே என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேயைப் பார்த்தவர் போல நின்றார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எதையும் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பது வயசு வரைக்கும் நான் சொன்னதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கடையில் முதலாளியம்மா பேசுவாள், வீட்டில் தொலைக்காட்சி பேசும். இப்போது கோயிலில் நுழைந்தால் நாற்காலி வந்தது. 'நீ' என்றவர்கள் 'நீங்க' என்றார்கள். அடுத்த வெள்ளியும் சாமி வந்தது, அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் எனக்குப் பிரசாதம் கொண்டுவந்து குவித்தார்கள். விரதம் முடிக்கிற பசியில் சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம் என்று எதையும் தள்ளவில்லை. சாமி வந்த உடம்பு, மறுக்கலாமா?

அந்த முதல் வெள்ளிக்கிழமையே என்னிடம் வாக்குக் கேட்டவர்களில் எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். லோரி ஓட்டும் அவள் புருஷன் ஜொகூர் பக்கம் போனவன் திரும்பவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, போனும் எடுப்பதில்லை. சுங்கை பூலோவில் இருக்கும் அவளுடைய அண்ணன், வந்து எங்களோடு இரு என்று வாரா வாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். போகலாமா என்று சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம்.

"அவரு வருவாரான்னு கேட்டேங்கா," என்று மறுநாள் படிக்கட்டில் என்னிடம் சொன்னாள். "வருவான், வீட்ட விட்டுப் போவாதன்னு சொன்னீங்க. என் தலைல கை வச்சு சொன்னீங்க."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. நினைவில்லை என்று சொல்லவும் இல்லை. சாமி வந்தவளுக்கு எதற்கு நினைவு? அவள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். லோரிச் சத்தம் எது கேட்டாலும் எழுந்து நிற்பாள்.

மாசியில் அடுத்த மூன்று மாத ரத்தம் எடுத்தார்கள். பதில் வந்த அன்றைக்கு டாக்டர் உண்மையாகவே கை தட்டினார். ஆறு புள்ளி நான்கு. "சராசரி ஏழு புள்ளி ஆறு, ஆன்டி. பாகுஸ், பாகுஸ்!" அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். கோயிலிலும் நல்ல பெயர், கிளினிக்கிலும் நல்ல பெயர். அப்படி ஒரு காலம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. படுத்தால் தூக்கம் பிடிக்காது. நாக்கு வறண்டு போய் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பேன், எழுந்து எழுந்து கழிவறைக்கு நடப்பேன். பகலில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த நாளில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. முதலாளியம்மா அந்த ரவிக்கையைத் தூக்கிக் காட்டி, "இது யாருக்கு, சாமிக்கா?" என்று கேட்டாள். சாமி ஏறிய உடம்பில் உஷ்ணம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிப் பெண்கள் பெட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். சுபாங் ஜெயா தாண்டியதும் உதடு மரத்தது. வியர்த்தது. கைப்பை மடியில் ஆடியது. எனக்குத் தெரிந்துவிட்டது, வருகிறார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். ஆனால் ரயிலிலா? மேளம் இல்லை, கற்பூரம் இல்லை, எதிரே ஒருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஐயா முருகா, இங்க வேணாம்யா, கிள்ளான் வந்துரட்டும்யா," என்று வாய்க்குள் கெஞ்சினேன். அவர் கேட்கிறவராக இல்லை.

பக்கத்தில் முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண் ஒருத்தி. என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "காக், கூலா தூருன் நி," என்றாள். அக்கா, இது சீனி இறங்கியிருக்கிறது, என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆகும் என்றாள். சொல்லிக்கொண்டே பையிலிருந்து மைலோ சாக்லேட் பால் பெட்டி ஒன்றை எடுத்து, உறிஞ்சியைக் குத்தி, குழந்தைக்குக் கொடுப்பது போல என் வாயில் வைத்தாள். விரதம் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. உறிஞ்சினேன்.

பாடாங் ஜாவா வருவதற்குள் சாமி மலையேறிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. கோபம்தான் வந்தது. வாயிலிருந்து அந்தச் சாக்லேட் வாசனை போகவே இல்லை. முருகன் மைலோவுக்கா மலையேறுவார்? பஞ்சாமிர்தத்துக்கு ஏறுவார், சரி. பஞ்சாமிர்தத்தில் இருப்பது வாழைப்பழம், தேன், நாட்டுச் சர்க்கரை. மைலோவில் இருப்பது... நினைப்பை அதற்கு மேல் ஓடவிடாமல் பிடித்து நிறுத்தினேன். அது நிற்கவில்லை. கிள்ளானில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் கூடவே வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் மருந்துக்கடையிலிருந்து விரல் குத்திப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழம சாமி வந்தா குத்திப் பாப்போம்," என்றார்.

"கோயில்ல ரத்தம் எடுப்பீங்களா? தீட்டு!"

"கோயிலுக்குள்ள குத்தல. வேனுக்குள்ள குத்துறேன்."

"சாமியக் குத்திப் பாக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"சாமியில்ல லா. உன்னைய."

வெள்ளிக்கிழமை வந்தது. மேளம் முழங்கியது. கை ஆடத் தொடங்கியதும் வீட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் தோளைப் பிடித்தார். "சாமி வந்தவங்கள தொடாதீங்கண்ணே!" என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. எனக்குத் தெரிந்தது வேனின் பின்சீட்டு, யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப்போன தண்ணீர்ப் போத்தல், விரலில் சுருக்கென்று ஒரு வலி. மெஷினை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மூன்று புள்ளி ஒன்று. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அந்த மெஷின் பெட்டியிலேயே எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த மிட்டாய்களைப் பிரித்துப் பிரித்து என் வாயில் போட்டார்.

"ஒரு நாளு எந்திரிக்காமலே போயிருவ," என்றார். "சுத்தி நின்னு மேளம்தான் அடிச்சிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தனும் சீனி குடுக்க மாட்டான்."

அவரை அன்றைக்கு வெறுத்தேன். என் சாமியைப் பிடித்து ஒரு நம்பராக்கிவிட்டாரே என்று வேன் கதவை ஓங்கிச் சாத்தினேன். ஆனால் அவர் விடவில்லை. அன்றிரவு பிரசாதம் சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு விரலைக் குத்தினார். பதினைந்து புள்ளி எட்டு. ஒரே நாளில் மூன்று, ஒரே நாளில் பதினைந்து. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மட்டும் சராசரி ஏழு புள்ளி ஆறு அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் கிளினிக்குப் போனோம். டாக்டர் மெஷினில் பதிந்திருந்த எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆன்டி, நீங்க பூவாசா இருக்கீங்களா?"

ஆமாம், விரதம்தான் என்றேன்.

நோன்பு மாதத்துக்கு முன்னாலேயே தங்கள் ஆட்கள் வந்து சொல்லிவிடுவார்கள், அதற்கேற்ப மாத்திரையையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்போம், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நோன்பு அவர்களுடையது, விரதம் எங்களுடையது, கிளினிக்கில் வந்து சொல்லுகிற விஷயமா அது? அடுத்த வீட்டுக்காரிக்கே சொல்லாமல் இருப்பதுதான் விரதம் என்று வளர்ந்தவள் நான்.

டாக்டர் ஒரு தாளில் மலையும் பள்ளமுமாகக் கோடு இழுத்துக் காட்டினார். பகலில் சாப்பாடே இல்லாத வயிற்றில் மாத்திரை வேலை செய்யும்போது சீனி பாதாளத்துக்குப் போகிறது. ராத்திரியில் மொத்தமாகத் தின்றதும் வானத்துக்குப் போகிறது. மூன்று மாத ரத்தத்துக்கு மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. இரண்டையும் கூட்டிக் கலக்கி நடுவில் ஒரு எண்ணைச் சொல்லிவிடும். எண் பொய்யில்லை, ஆனால் அது மட்டும் போதாது என்றார். எனக்குப் பாதி புரிந்தது. என் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்.

"இந்தா பாரு. ஒரு நாளு நான் வேன அரை மணி நேரம் முன்னாடியே கொண்டு போறேன், பிள்ளைங்க எந்திரிச்சே இருக்காது. மறுநாளு அரை மணி லேட்டா போறேன், ஸ்கூல் கேட்ட சாத்திருவாங்க. ரெண்டையும் கூட்டிப் போட்டா என்னா?"

"கரெக்ட் டைம்," என்றேன்.

"ஒரு பிள்ளையாவது ஸ்கூலுக்குப் போச்சா?"

டாக்டர் வரைந்த மலையையும் பள்ளத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். விரதம் வேண்டாம், காலையில் கட்டாயம் சாப்பாடு, ராத்திரிப் பிரசாதம் ஒரு கை அளவு. அடுத்த தடவை மூன்று மாத எண் ஆறு புள்ளி நான்கைவிடக் கொஞ்சம் ஏறும், பயப்பட வேண்டாம், பள்ளம் இல்லாத ஏழு, பள்ளம் நிறைந்த ஆறைவிட நல்லது என்றார். சொன்ன மாதிரியே திருவிழாவுக்குப் பிறகு வந்த மூன்று மாத ரத்தம் ஏழு புள்ளி இரண்டு. அதை நான் கதவில் ஒட்டவில்லை.

இதெல்லாம் எனக்குச் சரி. உடம்பு என்னுடையது, எண்ணும் என்னுடையது. கீழ்வீட்டு நாற்காலி?

நான் கிளினிக்கிலிருந்து வந்தபோதும் அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். ஏறிப் போனேன், இறங்கி வந்தேன், மறுபடியும் ஏறிப் போனேன். மூன்று புள்ளி ஒன்றில் ஒரு பெண்ணின் தலையில் கை வைத்து, வீட்டை விட்டுப் போகாதே என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளுடைய வாழ்க்கை அந்த நாற்காலியில் காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாப்பிடாமல் இருக்கவும் பயம். மூன்றாம் நாள் அவள் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, விரதம், ரயில், மைலோ, வேன், மூன்று புள்ளி ஒன்று. அன்றைக்கு உன்னிடம் பேசியது சாமியா என்று எனக்கே தெரியவில்லை, சீனி இறங்கிய உடம்பு உளறியிருக்கலாம் என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உத்திரத்துக்கு ஒரு நாளு மட்டும் சாப்பிடாம வாங்கக்கா."

"என்னாது?"

"ஒரே ஒரு நாளு. அந்த மாத்திரைய போட்டுட்டு வாங்க. உங்க வீட்டு அண்ணன வெளிய நிக்கச் சொல்லுங்க, சீனியோட நிக்கட்டும். நீங்க இறங்குனதும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குறேன். எப்ப வருவாருன்னு மட்டும்."

கையை உதறிக்கொண்டு மாடி ஏறினேன். கோபத்தில் தலை வெடித்தது. ஆனால் கோபம் அவள் மேல் இல்லை. அவள் கேட்டதை நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாமியை வரவழைக்கிற பக்குவம் இப்போது எனக்குத் தெரியும். பழைய மாத்திரை டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. ஒரு நாள் பட்டினி. அவ்வளவுதான். நாற்காலி வரும், 'நீங்க' வரும், கைகூப்பிய முகங்கள் வரும். உத்திரம் வரைக்கும் அந்த டப்பாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் வீட்டுக்காரரே அதைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று காலையில் தோசை சுட்டு, சட்டினி தொட்டு, உட்கார்ந்து தின்றேன். மஞ்சள் சேலையில் சட்டினி சொட்டிவிடாமல் மடியில் துண்டு போட்டுக்கொண்டேன். விரதம் முறித்துப் பால்குடம் எடுக்கிறவள் இந்தக் கிள்ளானில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கோயில் வாசலில் வேனை நிறுத்தி வீட்டுக்காரர் விரலைக் குத்தினார். எட்டு புள்ளி இரண்டு. "போ," என்றார்.

பால்குடத்தோடு தெருவைச் சுற்றி வந்தோம். கோயிலுக்குள் நுழைந்ததும் உறுமி அடித்தார்கள். எனக்காகவே அடித்தார்கள், எனக்குத் தெரியும். பூசாரி என் முன்னால் கற்பூரத் தட்டோடு கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றார். பெண்கள் எனக்கு ஆட இடம் விட்டு விலகினார்கள். எதிரே தூணோரம் கீழ்வீட்டுப் பெண் நின்று என் கையையே பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன். குடத்தை அது உறுதியாகப் பிடித்திருந்தது. ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. விளக்கு ஒன்றாகவே தெரிந்தது. உதடு உதடாகவே இருந்தது. வா ஐயா, என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். ஒரு தடவை, சீனியில்லாமல், நிஜமாக வந்துவிட்டுப் போ என்றேன். வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. நாலு பேர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இந்த வருஷம் இறங்கலபோல," என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. மேளக்காரர்கள் அடுத்த குடத்தின் பக்கம் நகர்ந்தார்கள்.

பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். அவள் என்னைப் பின்தொடர்ந்து வந்து அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் வழிமறித்தாள்.

"வரலையாக்கா?"

"வரல."

"நான் கேக்கணும்னு இருந்தேனே."

"கேளு. நான் சொல்றேன்."

அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். "அவரு வரமாட்டாரும்மா. நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

"இது யாருக்கா சொல்றது?"

"நான்தான். காலைல மூணு தோசை தின்னுட்டு வந்து நான்தான் சொல்றேன்."

"சாமி போவாதன்னுச்சு. நீங்க போங்குறீங்க. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்து, வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "நீ என்னா சாப்பிட்ட?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். முந்தின நாளிலிருந்து ஒன்றுமே இல்லையாம். என்மேல் சாமி வரவேண்டும் என்று அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அவள் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தப் பிள்ளைக்கு வந்துருச்சு, விபூதி கொண்டாங்க!" என்று குரல் கொடுத்தாள். மேளச் சத்தம் எங்கள் பக்கம் திரும்பியது.

"ஒண்ணும் வரல! பசி! விலகுங்க எல்லாரும்!" என்று நான் கத்திய கத்தலில் மேளமே ஒரு நொடி நின்றது. சாமி வந்த நாளில்கூட நான் அப்படி உறுமியிருக்க மாட்டேன்.

அவளைப் பந்தியில் உட்காரவைத்தேன். வாழை இலையில் சோறும் சாம்பாரும் விழுந்தன. முதல் வாய் நான்தான் ஊட்டினேன். பிறகு அவளே சாப்பிட்டாள், மெதுவாக, அழுதுகொண்டே. நான் எதிரில் உட்கார்ந்தேன். எழுந்து போய்ப் பரிமாறலாம், தண்ணீர் எடுக்கலாம், பந்தலைச் சுற்றி வரலாம், எத்தனையோ வேலை இருந்தது. எழவில்லை. அவள் இலையை மடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்து அண்ணன் நம்பரை அழுத்தி, போனை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணனுக்கு நீங்களே பேசுங்கக்கா. எனக்கு வாய் வராது."

போனைக் கையில் எடுத்தேன். அடுத்த முனையில் மணி அடித்தது. என் கை நடுங்கத் தொடங்கியது. வேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பதறிப்போய் மிட்டாயோடு ஓடிவந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் சீனி சரியாகத்தான் இருந்தது.